செவிட்டில் விட்ட அறை

காசிநாதனின் இரண்டு காதுகளையும் அடித்துப் பாழாக்கியவன் நான். அவன் செய்யாத குற்றத்துக்காக அடித்தேன். அந்தக் குற்றத்தைச் செய்தவனும் நானே!

நீங்கள் என்னைப் பார்த்திருந்தால் நல்லவன் என்றே சொல்லியிருப்பீர்கள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. காது போன கூட்டாளியைக் கைவிடாத தங்கராசு என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும். சாகவில்லை. பத்து வருடமாக மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், அரியலூரில், நாங்கள் இருவரும் சேர்ந்து மைக் செட் வைத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் புளியமரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டி, இசைத்தட்டைச் சுழலவிட்டால் நான்கு ஊருக்குக் கேட்கும். மரம் ஏறுவதும் தட்டுப் போடுவதும் எங்களுக்குள் மாற்றி மாற்றி நடக்கும். ஒரே தட்டில் சோறு தின்றவர்கள் நாங்கள்.

எங்களுக்கு நடுவில் வந்தது ஓர் இங்கிலாந்துத் தட்டு.

எங்கள் பக்கத்து ஓடைகளில் கல்லாகிப்போன நத்தைகள் கிடைக்கும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். அவற்றைத் தோண்டி எடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ஒரு மாதம் அவருக்குக் கூடை சுமந்தவன் காசி. ஊருக்குப் புறப்படும்போது அவர் ஒரு பெரிய இசைத்தட்டைக் காசியின் கையில் கொடுத்தார். அவருடைய தம்பியும் நான்கு நண்பர்களும் சேர்ந்து போட்ட தட்டு. தம்பிதான் மேளக்காரன். அவர்கள் ஊரிலேயே அதை யாரும் சீண்டவில்லையாம். அந்தக் கோஷ்டியும் கலைந்துபோயிற்றாம்.

உறையின் மேல் நீலக்கடல். நடுவில் சுருண்டு கிடக்கும் ஒரு கல் நத்தை!

“நம்ம ஓடை நத்தைடா இது” என்று காசி அன்று துள்ளிய துள்ளல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. முதலில் எதுவுமே கேட்காது. காதை ஒட்டிவைத்தால் காற்று மாதிரி ஏதோ வரும். சற்று நேரம் கழித்துத் திடீரென்று மேளம் வெடிக்கும். பிறகு குழல், ஆர்கன், அலறல்... தாளம் ஓரிடத்தில் நிற்காது. காசி கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். “இது பாட்டு இல்லடா, கடல் வத்திப்போன கதை. நம்ம ஊரு கதை” என்பான். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது அவனுக்கு!

எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நாலு பேர் முன்னால் ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “விடுங்கப்பா, இவனுக்குக் காதே கெடையாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு உள்ளே போய்ச் சீழ் பிடித்தது.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் கருப்பசாமி கோயில் கிடாவெட்டு. உச்சி வெயில். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. சிலுப்பும்வரை பம்பை, உடுக்கை, மைக் செட் எல்லாமே வாய்மூடி நிற்க வேண்டும். பெரியதனக்காரரின் மகன் ராமலிங்கம் கயிற்றைப் பிடித்திருந்தான். வெட்டுகிறவர் அரிவாளை ஓங்கி நின்றார்.

காசி முகம் கழுவ பம்ப்செட்டுக்குப் போயிருந்தான். காலையில் குழாயைச் சோதித்துப் பார்க்க அவன் போட்ட அந்தத் தட்டு, பெட்டியின் மேலேயே உறையில் கிடந்தது.

ஏன் செய்தேன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். ஊர் முழுக்க அந்தத் தட்டைக் காறித் துப்ப வேண்டும். காசியின் முகம் சுண்டிப்போக வேண்டும். வேறொன்றும் இல்லை... அவ்வளவு அற்பமான காரணம்தான்!

தட்டை வைத்து ஊசியை இறக்கினேன். சத்தமே வரவில்லை. அதன் தொடக்கம் அப்படித்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆத்திரத்தில் மறந்துவிட்டேன். ஒயர் எங்கோ விட்டுப்போயிற்று என்று நினைத்து, ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழை முழுக்கத் திருகினேன்.

மேளம் வெடித்தது!

கிடா வெலவெலத்து உடம்பைச் சிலுப்பியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று அரிவாள் இறங்கிவிட்டது. திடுக்கிட்டுத் திரும்பிய ராமலிங்கத்தின் கை, கயிற்றோடு இழுபட்டுக் கிடாவின் கழுத்துக்கு வந்திருந்தது. கிடாவின் தலையோடு அவனுடைய இரண்டு விரல்களும் மண்ணில் விழுந்தன. அவன் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. குழாயில் வேறொருவன் அலறிக்கொண்டிருந்தான்.

ஈர முகத்தோடு காசி ஓடிவந்தான். தன் தட்டில் கீறல் விழக்கூடாதே என்று ஊசியைத் தூக்கினான். நான் அதற்குள் நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது ஊசி அவன் கையில் இருந்தது.

“சாமியையே ஏமாத்திட்டானுங்களே! எவன்டா போட்டது?”

“காசிதாங்க” என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அதனால் பாவம் குறைந்துவிடுமா என்ன!

அவனைப் புளியமரத்தில் வைத்துக் குழாய் ஒயராலேயே கட்டினார்கள். பெரியதனக்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அவன் முன்னால் நிறுத்தினார். “நீயும் கூட்டுக் களவாணியா? இல்லன்னா அவன் செவிட்டுல ரெண்டு வுடு, பாப்பம்.”

செவிட்டில் விடுவது... எங்கள் பக்கத்தில் குழந்தையைக்கூட அப்படிச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். வாயில் சும்மா வந்து போகும் வார்த்தை.

ஓங்கி விட்டேன். ஈரக் கன்னத்தில் சத்தம் பளீரென்று கேட்டது. காசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “டேய், நான் இல்லடா” என்றான். அடுத்த காதில் விட்டேன். இரண்டு விடு என்றுதான் சொன்னார்கள். மூன்றாவதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான்காவதையும் கேட்கவில்லை. அவன் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அப்போதும் அடித்தேன். காதே கெடையாது, காதே கெடையாது என்று உள்ளே ஒருவன் சொல்லச் சொல்ல அடித்தேன். உங்களிடம் மறைக்க மாட்டேன்... எனக்கு அது இனித்தது!

பிறகு கூட்டம் புகுந்தது. கட்டை, செருப்பு, கல். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குக் காது இருந்தது அல்லவா! அந்தத் தட்டை என் முழங்காலில் வைத்து உடைத்தேன். என்னைப் பாராட்டி யாரோ முதுகில் தட்டினார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் காசி வாய் திறந்தான். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டே அதிரக் கத்தினான்: “தங்கராசு, தட்ட உறையில போட்டதாத்தான்டா நெனச்சேன். காலையில ஊசிய எடுக்காம சுவிட்ச மட்டும் நிறுத்திட்டனோ? யாரோ சுவிட்சப் போட்டதும் அது ஓடிருச்சோ? என் தப்புதான்டா!”

நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான், ஐயா, எல்லா அறையையும்விடப் பெரியது. கிடா சிலுப்பிய மாதிரி ஒரு சின்ன அசைவு.

இன்றும் ஒவ்வொரு கிடாவெட்டுக்கும் காசி அந்த ஊருக்குப் போகிறான். ராமலிங்கத்தின் விரல் போன கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறான். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து துணைக்குப் போகிறவன் நான். போகும்போது அவன் காதோரம் குனிந்து சொல்லிவிடுவேன்: “நான்தான்டா போட்டேன்.” சென்ற மாதமும் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். முன் சீட்டு அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

காசிக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தெரியும். ஒரு துண்டுச் சீட்டு போதும். அதை எழுதாமல், முகம் தெரியாத உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று இப்போது தெரிகிறதா?

அன்று பஸ்ஸில் என் மூச்சுக் காற்று பட்டதோ என்னவோ, காசி சிரித்தபடி திரும்பினான். “என்னடா சொன்ன?” என்று கத்தினான்.

அவன் பார்க்கும்படி வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னேன்.

“விக்கிரமங்கலம் வந்துருச்சு. எறங்கு.”