வைக்கோல் கேள்வி

திருவள்ளூரில், முதன்முதலாகப் பயிர் வைப்பவர்களுக்கு நடந்த பயிற்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் பழவேற்காட்டு மீனவர். உப்புக்காற்றில் கறுத்த முகம், பெரிய குரல். எது தெரியாவிட்டாலும் கையைத் தூக்கிவிடுவார். வரப்பு எதற்கு என்றுகூடக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சேர்ந்து சிரித்தார்.

புதுக் குட்டை ரக நெல்லில் ஒரே ஒரு விதை மூட்டை வந்திருந்தது. மாதிரி வயல் போட எங்களில் ஒருவருக்குத் தருவதாக அதிகாரி சொல்லியிருந்தார். எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. ஆனால் கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது.

நாஷ்டா நேரத்தில் அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன்: "பயிரு குட்டைன்னா மாட்டுக்கு வைக்கோலு ஏது?"

"மனசுலயே வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? எய்ந்து கேளு நைனா."

"நமக்கு அதெல்லாம் வராதுபா."

மத்தியானம் அவரே எழுந்து கேட்டுவிட்டார். "இதான்யா விவசாயி கேக்குற கேள்வி!" என்று அதிகாரி மூட்டையை அவருக்கே கொடுத்தார்.

அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "உனக்கோசரம் கேட்டுட்டேன் நைனா. சந்தோசமா?"

தலையாட்டினேன். அவரிடம் ஒரு மாடுகூடக் கிடையாது.

எனக்காகத்தான் கேட்டார் என்று இன்றும் நம்புகிறேன். வயிறு எரிவதும் அதனால்தான்.