செல்வராசுவின் விரல் முட்டி

இன்று விருத்தாசலத்தில் பெண்ணாடம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் செல்வராசு. அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவன் விரல் முட்டியைப் பார்த்தாலே தெரியும்.

எழுபதுகளில் ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தோம். இங்கிலீஷ் வாக்கியத்தைப் பிரித்து வெர்ப், ப்ரோநவுன், அட்வெர்ப், சப்ஆர்டினேட் கிளாஸ் எதெது என்று சரியாகச் சொன்னவன், தப்பாகச் சொன்னவன் தலையில் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் அவனுக்கு சாரிடம் பிரம்படி.

பீங்கான் கோப்பை செய்து, தட்டி விரிசல் பார்க்கிற ஊர் எங்களுடையது. செல்வராசு தட்டியே என் மண்டையில் விரிசல் விட வைத்தான். ரத்தம் சட்டைக் காலர்வரை வந்தது.

ஜன்னலோரம் அவன் பேத்தி.

“‘வென் இட் ரெயின்ட், ஹீ ரேன் குயிக்லி.’ இதுல சப்ஆர்டினேட் கிளாஸ் எது?” என்றான்.

“ஹீ ரேன் குயிக்லி, தாத்தா.”

தப்பு. முட்டி உயர்ந்தது. அந்த மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன்.

“யோவ், யாருய்யா நீ? கைய வுடுய்யா!”

“மூணாவது பெஞ்சு குமாருடா.”

அவன் முகம் வெளுத்தது. “மெதுவா குட்டியிருந்தா சாரு என்னைப் பின்னியிருப்பாருடா.”

“இப்ப எந்த சாருடா நிக்கிறாரு?”



ஒற்றைக் கையால்தான் இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கை அவன் மணிக்கட்டில். பெண்ணாடம் வருவதற்குள் சொல்லுங்கள், விடலாமா?