'ஹார்பர் லைன்' வாசித்த காசிம் அண்ணன்

காசிம் அண்ணன் போய்விட்டார். விடியற்காலையில், தூக்கத்திலேயே... மதியம் லுஹர் தொழுகை முடிந்து அடக்கமும் ஆகிவிட்டது.

அழுது முடித்துவிட்டேன். ஆனாலும் மனசு கனக்கவில்லை. போன மாதம் அவரைப் போய்ப் பார்த்துவிட்டேன், அதனால்தான்.

தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருந்தவர். அறுபதுகளில் எங்கள் ஊர் மின்சார ரயில் தடத்தின் பெயரில் 'ஹார்பர் லைன்' என்று ஒரு ரெக்கார்டு வந்ததே, பாட்டே இல்லாமல் வெறும் கிடார்... ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, கடைசியில் மெல்ல வந்து நிற்கிற மாதிரி. அது அண்ணன் வாசித்தது. பாங்கோ தட்டியது என் வீட்டுக்காரர்.

ரெக்கார்டிங் அன்று எனக்கு எட்டாம் மாசம். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சினிமாக்காரர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுப் போனதில் மிஞ்சிய அரை மணி நேரம். அதற்கே அண்ணன் மூன்று வருஷம் நடந்திருந்தார். பாதி நேரம் மைக் வைப்பதிலேயே போய்விட்டது.

சவுண்டு இன்ஜினியர் என் கையைப் பார்த்தார். "பாபி, சூடி நிகாலோ." வளையலைக் கழற்ற வேண்டுமாம்.

வளைகாப்புப் போட்ட கை. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பிள்ளை பிறக்கும் வரை கழற்றக் கூடாது. என் வீட்டுக்காரர் அதை இந்தியில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அப்படியென்றால் வெளியே நிற்கட்டும் என்றார் இன்ஜினியர்.

"வயித்துப்புள்ளக்காரிய வெயில்ல நிப்பாட்டிட்டு நான் என்னத்த வாசிக்க?" அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இரண்டு கையையும் சேர்த்துச் சுற்றிவிட்டார். "தங்கச்சி, மூணே நிமிஷம். மூச்சு மட்டும் விட்டுக்கோ, போதும்."

சிவப்பு லைட் எரிந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது... ரயில் நிற்கிற இடம் வரைக்கும்.

வயிற்றுக்குள் இருந்த என் மகள் விட்டாள் பாருங்கள் ஒரு உதை! கை துண்டை உதறிக்கொண்டு தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. 'ஜல்' என்று ஒரு சத்தம்.

அடுத்த பார்ட்டி கதவில் நின்றது. இன்னொரு தடவை வாசிக்க நேரம் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு மனுஷனின் மூன்று வருஷத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வீடு வரை வளையலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

ரெக்கார்டு வந்தது. மாட்டுங்கா இரானி ஹோட்டலில் நாள் முழுக்க அதுதான். கணபதி பந்தலிலும் அதுதான். என் வளையல் சத்தமும் அப்படியே...

"வண்டி நிக்கையில பெட்டிச் சங்கிலி குலுங்கும்லா, அதக்கூட விடாம வச்சிருக்காரு பாருக்கா!" என்று குழாயடியில் பேச்சு. கல்யாண ஆர்கெஸ்ட்ராக்களில் அந்த இடத்தில் சலங்கை குலுக்கவே ஒரு ஆள் நின்றார்.

நான் மட்டும் அந்த இடம் வருவதற்குள் எழுந்து போய்விடுவேன். அண்ணன் வீட்டில் போட்டாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் கண்ணை மூடும் வரை அவரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் அண்ணன் செம்பூரில் தன் மகள் வீட்டில் படுத்திருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "அண்ணே, அந்தச் சத்தம் நாந்தான்... என் வளையலு."

சிரிப்பும் இருமலுமாக வந்தது அவருக்கு. "அட கோட்டி! அது எனக்குத் தெரியாதா? கடைசிய வெட்டிரட்டுமான்னு இன்ஜினியரு கேட்டான். புள்ள ஒதச்சதுலா, கெடக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். ஒன் வீட்டுக்காரருக்கும் தெரியும்."

"பொறவு ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் ரெக்கார்டு போட்டாலே எந்திச்சுப் போயிருவியே. தங்கச்சிக்கு நம்ம வாசிப்பு புடிக்கல போலன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

இரண்டு பேருக்கும் அழுகை. அவர் மகள் பயந்துபோய் ஓடி வந்தாள்.

அப்புறம் அவள் மொபைலில் போட்டாள். முதல் தடவையாகக் கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்டேன். அண்ணன் மொபைலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி?" என்றார்.

நல்லவேளை... அவர் கேட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

ரொம்பப் பிடிக்கும் அண்ணே. நிம்மதியாகத் தூங்குங்கள்.