கைப்பிடித்தவள்

அந்த மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டுபவரை எல்லோரும் 'மேல்கீழ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கமான மனிதர். ஆனால் மூன்றாம் மாடியில் நர்ஸாக இருக்கும் மனைவியிடம் யாராவது சிரித்துப் பேசிவிட்டால் அன்று முழுக்க முகம் கடுகடுவென்று இருக்கும். "இன்னிக்கு எந்த டாக்டர்?" என்று மற்ற நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

ஒரு மதியம் ஸ்ட்ரெச்சரில் ஒரு கிட்டார்க்காரன் வந்தான். ஆள் பார்க்க லட்சணமாக இருந்தான். கண்ணின் கருமணி அகல விரிந்து, உடம்பு அனலாய்க் கொதித்தது. "சுவரு மூச்சு விடுது! என் விரல் உருகுது!" என்று அலறினான்.

"ஸ்டாம்பு மாதிரி சின்னப் போதைக் காகிதம் சார்," என்றான் கூடவந்த நண்பன். "நாக்குல வெச்சான். ஒண்ணுமே ஏறலையேன்னு இன்னொண்ணும் வெச்சுட்டான். அப்புறம் ரெண்டும் சேர்ந்து ஏறிடுச்சு."

"வித்தவன் ஒண்ணைச் சொல்லியிருப்பான், உள்ளே வேற எதையோ தடவியிருப்பான்," என்றார் டாக்டர். "இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. படபடப்பு அடங்க ஊசி போடுறேன். விளக்கைக் குறைங்க. யாராவது பக்கத்துலயே இருங்க."

அந்த யாராவது, மேல்கீழின் மனைவி.

கதவுக் கண்ணாடி வழியே மேல்கீழ் பார்த்தார். அவன் கை அவள் கைக்குள் இருந்தது. யாரும் கூப்பிடாமலே நாலு தடவை மூன்றாம் மாடிக்கு லிஃப்டை ஏற்றினார். கடைசியில் உள்ளேயே போய்விட்டார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ என்னிக்காவது இப்படிப் பிடிச்சிருக்கியா?"

"காய்ச்சல் வந்தா நீங்க ஜன்னல் வழியா குதிக்கமாட்டீங்க. கையை விட்டா இவன் அங்கதான் ஓடுறான்."

அதற்குள் அடுத்த அறையிலிருந்து அவசர மணி அடித்தது. அவள் சட்டென்று எழுந்து அவன் கையை இவர் கையில் திணித்தாள். "பிடிச்சுக்கங்க. திட்டாதீங்க. 'போதை வேகம், இறங்கிடும்'னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க."

இளைஞனின் நகங்கள் இவர் தோலில் பதிந்தன. நாடி குதிரையாய் ஓடியது. இப்படியொரு பயத்தை இவர் பார்த்ததே இல்லை.

"நான் செத்துட்டேனா? அக்கா எங்க?"

'அக்கா' என்றதும் பாதி எரிச்சல் தணிந்தது. "இறங்கிடும்பா, இறங்கிடும்," என்றார்.

மறுநாள் இறங்கியது. ஆனால் சில வாரம் கழித்து அவன் மறுபடி வந்தான். விளக்குகளுக்கு வால் முளைத்தது போல் தெரிகிறதாம், தூக்கமில்லை, மேடையில் நிற்க முடியவில்லை. எப்போது சரியாகும் என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

லிஃப்டில் அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மேல்கீழ் மேல்விளக்கை அணைத்தார்.

"அன்னிக்கு நானும்தான் உன் கையைப் பிடிச்சிருந்தேன்."

"அப்படியா அண்ணே? அக்கா முகம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

மூன்றாம் மாடியில் அவள் அவனை உட்கார வைத்து, தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து லிஃப்டுக்கு மணி மேல் மணி அடித்தது. அவர்கள் பேசி முடிக்கும்வரை, அவர்களையே பார்த்தபடி மேல்கீழ் லிஃப்டை நகர்த்தவே இல்லை.