தலைவருக்கு வந்த அனுதாபங்கள்

எங்கள் ஊரில் எதையும் யாராவது வந்து திறந்து வைக்க வேண்டும். பாலர் பள்ளியின் புதுக் கழிப்பறைக்குக்கூட ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் வந்து சேரும்வரை பிள்ளைகளை அடக்கிக்கொண்டு நிற்க வைத்த கூட்டம் இது. சட்டமன்ற உறுப்பினரை நாங்கள் ஒய்.பி. என்போம். எங்கள் இணையச் செய்தித் தளத்தைப் புதுப்பித்தபோது அதையும் ஒய்.பி.தான் பொத்தானை அழுத்தித் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழர் சங்கத்தின் தலைவர் சொன்னார். எனக்கு ஆச்சரியம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

லூனாஸில் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்கு மேலே சங்கத்தின் அறை. அங்கிருந்துதான் தளத்தை நடத்தினோம். மலேசியாவின் கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருக்கிற நம் ஆட்களின் செய்திகள்: திருவிழா, தமிழ்ப்பள்ளி, மரண அறிவிப்பு. கூலிம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவள் நான். அங்கே என் உற்பத்தி லைனில் வேலை செய்த தோழி ஒருத்தி கணினி படித்தவள். அவள் விடுமுறை நாட்களில் வந்து புதுத் தளத்தைக் கட்டினாள்.

பழைய தளத்தைத் திறந்தால் முகம் தெரியாது, மாலைதான் தெரியும். மாலை போடுகிறவர், போட்டுக்கொள்கிறவர், பக்கத்தில் நின்று கைதட்டுகிறவர். செய்தி என்ன என்று தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு அது அலுத்துப்போயிருந்தது. புதுத் தளத்தில் வாசகர் பெட்டி ஒன்று வைத்தோம். யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம். எந்தச் செய்திக்குக் கீழேயும் எழுதலாம். தமிழில் தட்டத் தெரியாவிட்டால் பேசி அனுப்பலாம், தளமே அதை எழுத்தாக்கிப் போடும். மேடையில் இருப்பவர்கள் பேசியது போதும், கீழே நாற்காலியில் இருப்பவர்கள் பேசட்டும் என்பதுதான் என் எண்ணம். அதை அப்படியே தலைவரிடம் சொல்லியிருந்தால் அன்றே அறையைப் பூட்டியிருப்பார். அதனால் 'வாசகர் பங்கேற்பு' என்று அழகாகச் சொன்னேன். அவரும் நல்லது என்றார்.

ஒய்.பி. தேதி கொடுக்கவில்லை. கொடுத்ததையும் மாற்றினார். பிறகு வெளியூர் போனார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தளத்தைத் திறந்துவிட்டேன். குத்துவிளக்கு இல்லை, கைதட்டல் இல்லை. தோழி தொழிற்சாலை பஸ்ஸில் இருந்தபடி 'வந்துருச்சு லா' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அவ்வளவுதான் தொடக்க விழா.

தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்த அவருடைய வாழ்த்துரையை முதல் பக்கத்தில் மேலே போட்டோம். அவர் அனுப்பிய படத்தில் கழுத்து நிறைய மாலை. சுற்றி நின்றவர்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் சதுரமாக வைத்தோம். தோழியின் வடிவமைப்பில் ஒரு நாகரிகம் இருந்தது. எல்லாப் படமும் முதலில் கறுப்பு வெள்ளையில் தெரியும், தொட்டால்தான் நிறம் வரும். பார்க்க அம்சமாக இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கறுப்பு வெள்ளையில், மாலையோடு, தனியாக ஒரு மனிதர். கீழே அவர் பெயர். நம் ஆட்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? யாரும் படத்தைத் தொடவில்லை. வாழ்த்துரையை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நேரே வாசகர் பெட்டிக்குப் போனார்கள். 'ஆழ்ந்த அனுதாபங்கள்.' 'ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.' 'நேத்துதான் பசார்ல பாத்தேன், நம்ப முடியல.' மதியத்துக்குள் பக்கம் முழுக்கக் கூப்பிய கைகள். கோத்தா கோலா மூடாவிலிருந்து ஒரு குடும்பம் மாலையோடு காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. கதவைத் திறந்ததே தலைவர்தான். வந்தவர்கள் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டுக் கோப்பி குடித்துவிட்டுப் போனார்களாம்.

நான் சிரித்தேன். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் தவறு எங்களுடையது. உடனே படத்தை எடுத்தோம், தலைவர் நலமாக இருக்கிறார் என்று போட்டு வருத்தம் தெரிவித்தோம், அனுதாபங்களை ஒவ்வொன்றாக நீக்கினோம். நீக்கிக்கொண்டே வரும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. ஓர் அக்கா பேசி அனுப்பியது.

'அண்ணன எந்த வழியா தூக்கிட்டுப் போவீங்க? நம்ம இடுகாட்டு வழியத்தான் பூட்டி வச்சிருக்காங்களே. தொறந்து தரேன்னு சொன்னவரும் போயிட்டாரு. இனிமே யாருகிட்ட கேக்கறது?'

அந்த இடுகாடு எனக்குத் தெரியும். ரப்பர் மரம் சீவிய பழைய கித்தாத் தோட்டத்துக்குச் சொந்தமானது. தோட்டத்தை விற்று, வீடுகள் கட்ட மேம்பாட்டு நிறுவனம் ஒன்று வந்ததும் சுற்றி வேலி போட்டு இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வழியைத் திறக்கச் சொல்லிப் பேசுவதாகத் தலைவர் பொறுப்பேற்றுக்கொண்டார். அதற்கும் ஒரு மாலை விழுந்தது. அதன் பிறகு பேச்சு மூச்சு இல்லை.

அந்த வரியை நான் நீக்கவில்லை. கீழே ஒன்று மட்டும் சேர்த்தேன்: 'தலைவர் நலமாக இருப்பதால் இந்தக் கேள்வியை அவரிடமே கேட்கலாம்.'

தலைவர் போனில் கத்தினார். "எம்மா, செத்துப்போயிட்டன்னு போட்டீங்க, சரி, மன்னிச்சிட்டேன். இத ஏன் விட்டு வச்சிருக்க?"

"அது தப்பு அண்ணே, எடுத்துட்டேன். இது கேள்வி. கேள்விய எதுக்கு எடுக்கணும்?"

"கண்டவன் கண்டத எழுதவா சங்கம் ரூம் குடுத்துச்சு? அந்தப் பெட்டிய மூடு."

"மூட மாட்டேன் அண்ணே. நீங்க பதில் சொல்லுங்க, அதையும் போடறேன். தொறந்துதான் இருக்கு."

மறுநாள் கமிட்டியைக் கூட்டினார்கள். அந்த வரியை நீக்கி, பெட்டியை மூடாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவள், திரும்பிப் போக இடம் இல்லை. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. உயிரோடு இருக்கிறவரிடம் கேட்கத் துணியாததை, செத்துவிட்டார் என்று நினைத்துத்தான் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அந்த வாயையும் நான் அடைக்க வேண்டுமாம். அறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். கணினி என்னுடையது. தளத்தின் பெயர் தோழி பதிவு செய்தது. சங்கத்துடையது அந்த நாலு சுவர்தான்.

வாசகர் பெட்டியில் பதிவாகியிருந்த எண்ணில் அன்றே அந்த அக்காவைக் கூப்பிட்டேன். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர், அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தங்கச்சி, நா எழுதுனத எடுத்துறாத. அவரு உயிரோட இருக்காருன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லா கேட்டிருப்பேன். எங்க வீட்டுக்காரரு அங்கதான் படுத்திருக்காரு. போன வருச தெவசத்துக்கு கேட்டுக்கு வெளிய நின்னு சூடம் கொளுத்திட்டு வந்தேன். காத்துல அணைஞ்சி போச்சு. ஞாயித்துக்கெழம மறுபடியும் தெவசம். இந்த வருசம் நா வெளிய நின்னுட்டு வரமாட்டேன்."

இதைத் தளத்தில் போடட்டுமா என்றேன். பேரோடு போடு என்றார்.

ஞாயிறு காலை நான் போனபோது கேட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. தளத்தில் படித்துவிட்டு வந்தவர்கள். எல்லாருக்கும் உள்ளே யாரோ ஒருவர் இருந்தார். அக்கா ஒரு பையில் வெற்றிலை, வாழைப்பழம், கணவருக்குப் பிடித்த முறுக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கேட்டைக் காவல் காக்கும் ஜாகா ஒரு மலாய்ப் பெரியவர். கூட்டத்தைப் பார்த்து அவர்தான் குழம்பிப் போனார். சாவி தன்னிடம் இல்லை என்றார். நிறுவனம் எப்போதோ ஒப்புக்கொண்டு சாவியைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டதே, நீங்கள் ஏன் இன்னும் வரவில்லை என்று நானே யோசித்தேன் என்று மலாயில் சொன்னார்.

நான் தலைவரைக் கூப்பிட்டு எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"சாவி உங்ககிட்டயா இருக்கு, அண்ணே?"

"பத்திரமா இருக்கும்மா. ஒய்.பி. தேதி குடுக்கல. ஒரு திறப்பு விழா வச்சி மொறையா தொறக்கணும்ல? கல்வெட்டு எல்லாம் செஞ்சாச்சு லா."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார். "அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு ஒய்.பி. யாருன்னே தெரியாது. நீங்களே வந்து தொறங்க. இல்ல, பூட்ட ஒடைப்போம்."

வந்தார். அதை மறுக்க மாட்டேன். இஸ்திரி போட்ட சட்டையில், சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டம் வழிவிட்டது. கேட்டருகே போய், சாவியைப் பூட்டில் வைத்து, உடம்பைக் கொஞ்சம் திருப்பி, என் பக்கம் பார்த்துப் புன்னகையோடு நின்றார். எத்தனை வருடத்துப் பழக்கம்! நான் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். பக்கத்தில் படம் எடுக்கப் போனை உயர்த்தியவர்களும் இறக்கிவிட்டார்கள். நான் யாருக்கும் கண்காட்டவில்லை.

அவர் அப்படியே நின்றார். புன்னகை போய்விட்டது. சாவியைத் திருப்பவும் இல்லை, எடுக்கவும் இல்லை. படம் எடுக்க ஆள் இல்லாமல் ஒரு கேட்டை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் ஒரு கணம் பரிதாபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு வரவில்லை. "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று அவரை ஒதுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினார். துருப்பிடித்த கேட்டை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். அக்கா திரும்பிப் பார்க்காமல் புல்லுக்குள் இறங்கி நடந்தார்.

அன்று மாலை என் சமையலறை மேசையில் கணினியைத் திறந்தபோது வாசகர் பெட்டியில் அக்காவின் குரல் வந்திருந்தது. பின்னால் தேங்காய் துருவுகிற சத்தம். நான் எதையும் திருத்தவில்லை. முதல் பக்கத்தில் மேலே, தலைவர் படம் இருந்த இடத்தில், படமே இல்லாமல் போட்டேன்:

'கேட் தொறந்தாச்சு. பூட்டு எங்க வீட்லதான் இருக்கு, திருப்பித் தரமாட்டேன். உங்க ஆளுங்க உள்ள இருந்தா போய்ப் பாத்துட்டு வாங்க. யாரையும் கேக்க வேணாம்.'