விசிலுக்கு எத்தனை பொருள்

அன்று என் பதிலை அப்பா ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? எனக்கே இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகும் விடை தெரியவில்லை.

அப்பா பினாங்குத் துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. மாலையில் வந்ததும் தம்பியை மடியில் வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். பள்ளியில் நான் அவனைவிட இரண்டு வகுப்பு மேலே. ஆனாலும் என் இடம் எதிரே தரையில்தான். அந்த மடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த அப்பாவின் நண்பர் வந்திருந்தார். ‘விசில்’ என்ற சொல்லை எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று அப்பா எங்களைக் கேட்டார். நன்றாகச் சொல்பவரை ஞாயிற்றுக்கிழமை பெர்ரியில் எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குக் கூட்டிப்போய் ரயில் காட்டுவாராம். நான் அதுவரை ரயிலைப் பார்த்ததில்லை.

தம்பி, போலீஸ்காரர் ஊதுவது என்றான், அதோடு சரி. நான், கப்பல் புறப்படும்போது போடும் சத்தம், ஜன்னல் இடுக்கில் காற்று போடும் சத்தம், குருவியின் சத்தம் என்று அடுக்கினேன். டீச்சர் சொன்னதையும் சொன்னேன்: கிடைக்காத ஒன்றுக்கு ஒருவன் ஆசைப்பட்டால், இங்கிலீஷில் ‘நீ அதற்கு விசில் அடிக்க வேண்டியதுதான்’ என்பார்களாம்.

நண்பர் தொடையில் தட்டிச் சிரித்தார். “என்ன கிராணியாரே, மவ உங்களையே மிஞ்சிட்டாளே! நாளையிலேருந்து ஆபீசுக்கு இவள அனுப்பிடுங்க!”

அப்பா சிரிக்கவில்லை. “கண்டதையும் கேட்டுட்டு வந்து உளறாதே. அப்படியெல்லாம் யாரும் சொல்றதில்ல.”

அந்த நேரம் பார்த்துத் தம்பி இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு சீழ்க்கை அடித்தான். “டேய், விளக்கு வெச்ச நேரத்துல வீட்டுக்குள்ள சீட்டி அடிக்காதடா, பாம்பு வந்திடும்!” என்று அம்மா சமையலறையிலிருந்து அதட்டினாள். குரலில் சிரிப்பு இருந்தது. நான் அடித்திருந்தால் முதுகில் விழுந்திருக்கும்.

“இவன் செஞ்சே காட்டிட்டான்!” என்று அப்பா அவனை அணைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் போனார்கள். திரும்பி வந்த தம்பி எஞ்சினைப் போல ஊதிக்கொண்டு வீடு முழுக்க ஓடினான். அவனுக்குச் சோறு வைக்கச் சொன்னார்கள். தட்டை ‘டங்’கென்று வைத்தேன்.

நான் சொன்னது அப்பாவுக்கே தெரியாத இங்கிலீஷாக இருந்திருக்குமோ, நண்பர் முன்னால் அது அவரைச் சுட்டிருக்குமோ என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது. அதுவும் சரிதானா, இல்லை ஆண்பிள்ளை என்பது மட்டும்தான் காரணமா என்று மறுபடி சந்தேகம்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. போன வாரம் விருந்தாளிகள் முன்னால் தன் அப்பாவின் இங்கிலீஷைத் திருத்தினாள். நான் பதறி அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என் கணவரோ விழுந்து விழுந்து சிரித்து, அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

பெற்ற மகள்மேல் இப்படித் தோன்றுவது உண்டா? இதை எப்படிப் போக்கிக்கொள்வது? அனுபவமுள்ள தாய்மார் யாரேனும் தயவுசெய்து எழுதுங்கள்.