கேட்டுக்கு அடிக்கும் நீலம்

எண்பதுகளில் விழுப்புரம் ரயில்வேயில் நான் கூட்ஸ் ரயில் கார்டாக இருந்தேன். கார்டு உத்தியோகத்தில் இருந்துகொண்டு கார் வைத்திருந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். ஐம்பதுகளில் சீமையிலிருந்து கப்பலில் வந்த வண்டி. புதுச்சேரியில் ஒரு வக்கீல் குடும்பம் வேண்டாம் என்று தள்ளியதை வாங்கி ஓட்டி வந்தேன். புறாச் சாம்பல் நிறம். அங்கங்கே மங்கி, மட்கார்டு ஓரத்தில் துரு எட்டிப் பார்த்தாலும், பிறந்தபோது போட்ட பெயிண்ட் அப்படியே இருந்தது. அதில் எனக்கு ஏகப்பட்ட தலைக்கனம். வண்டியை யாராவது தொட்டால் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன், அப்புறம்தான் முகத்தை.

ஒரே மகளைத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, தாழ்ப்பாள், கயிறு, பெயிண்ட். பி.எஸ்ஸி. படித்த பெண்ணுக்கு ஆணி விற்கிறவரா என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு குறை. வெளியில் சொன்னதில்லை. பெருந்தன்மையெல்லாம் ஒன்றுமில்லை, மனைவிக்குப் பயந்துதான்.

தலை தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். எனக்கோ முதல் நாள் பார்த்து திருச்சி போகும் கூட்ஸில் டூட்டி விழுந்தது. தீபாவளியன்று காலை வீடு திரும்பினால் வாசலில் என் வண்டியைக் காணோம். அந்த இடத்தில் நீலமாக ஏதோ நின்றது.

பள்ளிக்கூடக் கேட்டுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் அடிப்பார்களே, அந்த நீலம். மாப்பிள்ளை கடையிலிருந்து எனாமல் டின்னை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். நான் டூட்டிக்குப் போனதும் உப்புத்தாள் போட்டு வண்டி முழுவதையும் தேய்த்து, பிரஷ்ஷால் ஒரே நாளில் அடித்து முடித்திருக்கிறார். பிரஷ் போன தடம் வரிவரியாகத் தெரிந்தது. கதவுக்கு அடியில் பெயிண்ட் சொட்டுச் சொட்டாக வழிந்து நின்றது. ஐப்பசி மாத ஈரத்தில் எனாமல் எங்கே காயும்? விடியற்காலையில் தெருப்பிள்ளைகள் வெடித்த சரத்தின் சிவப்புக் காகிதமெல்லாம் பறந்து வந்து பானெட்டிலும், காய்வதற்காகத் திறந்து வைத்திருந்த கதவுகளிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, புதுத்துணிக்கு வைப்பது போல ஒரு மூலையில் மஞ்சள் வேறு தடவியிருந்தார்.

"எல்லாருக்கும் புதுசு எடுத்தீங்க. நம்ம வண்டி மட்டும் பழசோட நிக்கலாமா மாமா?" என்றார். நகக்கண்ணெல்லாம் நீலம்.

மனைவி என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், தலை தீபாவளிக்கு வந்த பிள்ளை, வாயைத் திறந்துவிடாதீர்கள் என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் என்ன பேசிவிடப் போகிறேன்? பெற்ற பிள்ளை என்றால் முதுகில் இரண்டு வைக்கலாம். மாப்பிள்ளையை என்ன செய்வது? வெளியே வந்து, "பிரமாதமா இருக்குதுங்க மாப்ள" என்றேன். அதுவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

தை பிறந்ததும் வண்டியைப் பட்டறையில் விட்டேன். சுரண்டச் சுரண்ட எனாமல் போக மாட்டேன் என்றது. இன்னாத்த அடிச்சீங்க சார், உடும்பாட்டம் புடிச்சிக்கினு இருக்குது என்று பட்டறைக்காரர் சலித்துக்கொண்டார். பாடுபட்டு எடுத்துவிட்டு, பழைய சாம்பல் நிறத்தை ஸ்பிரேயில் அடித்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை சரக்கு எடுக்க விழுப்புரம் வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். வண்டியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். என் வாயில் பொய் தயாராக இருந்திருக்கிறது போல. "மழையில உரிஞ்சி உரிஞ்சி வந்துடுச்சுங்க மாப்ள" என்றேன்.

வருத்தப்படுவார் என்று தெரியும். ஆனால் அவர் வருத்தம் என் வண்டியைப் பற்றியதாகவே இல்லை. அப்படியானால் சரக்கு மோசம், எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேனே என்றார். வைத்த காபியைக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அடுத்த மாதம் திண்டிவனத்தில் அவர் கடைக்குப் போனேன். முன் அலமாரியில் அடுக்கியிருந்த நீல டின்கள் காணாமல் போயிருந்தன. எல்லாவற்றையும் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய்க் கேட்டையும் ஜன்னலையும் நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார். எங்கேயும் உரியவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லையாம். மாமா வண்டியிலேயே உரிந்துவிட்டதே, இனி உரியாது என்று எப்படிச் சொல்வது என்றார். ஒரு வீட்டுக் கேட்டுக்கு வேறு பெயிண்ட் வாங்கி, சொந்தச் செலவில் அடித்துக் கொடுத்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் தீபாவளியன்று பிரமாதம் என்றதும் பொய்யாகிவிடும். மாமனாரின் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டிக்கொண்டு சொல்லாமலே ஊர் திரும்பினேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே வெறுப்பாக வருகிறது.

சித்திரையில் திண்டிவனத்தில் மகளுக்கு வளைகாப்பு. முடித்துப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர நானும் மனைவியும் காரில் போனோம். மாப்பிள்ளையும் முன் சீட்டில் எங்களோடு வருவதாகப் பேச்சு. வளையல் போட்டு முடிந்து, தெரு முழுக்க வழியனுப்ப நின்றது. மனைவி ஒரு பக்கம் ஏறிக்கொண்டாள். மகளை ஏற்றுவதற்காக மாப்பிள்ளை மறுபக்கத்துக் கதவை அகலத் திறந்தார். அவள் உட்கார்ந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை.

கதவின் உள்விளிம்பைப் பட்டறைக்காரர் சுரண்டாமல் விட்டிருந்தார். நானும் கவனிக்கவில்லை. விரற்கடை அகலத்துக்கு நீலம், பளபளவென்று. அதில் சிவப்பு வெடிக் காகிதம் ஒன்று பதிந்திருந்தது. மாப்பிள்ளை குனிந்து கட்டைவிரல் நகத்தால் அழுத்திச் சுரண்டினார். இன்னொரு முறையும் சுரண்டினார். பொடி கூட உதிரவில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்க உங்க வண்டியில கூட்டிக்கினு போங்க மாமா. நான் பின்னாடியே பஸ்ல வர்றேன்" என்றார். ஊரார் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னார். கதவையும் மெதுவாகச் சாத்தினார்.

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கையிலும் வளையல் நிறைந்திருக்க, மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"புடிக்கலன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரே தேய்ச்சு எடுத்துக் குடுத்திருப்பாருப்பா" என்றாள்.